பழைய ஜீப்பின் உடற்கூறு

இந்தியாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் கணிசமானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக 1941 முதல் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் தயாரித்த ஜீப்பே அந்தக் குடும்பத்தின் மூத்த தலைமுறை. போர் முடிந்தபின், 1947இல், மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953இல் வந்த சிஜே3பி என்ற உயர்ந்த பானட் கொண்ட ஜீப், தன் தாய்நாட்டில் மறைந்த பிறகும் இங்கே நெடுங்காலம் வாழ்ந்தது. எம்எம்540, எம்எம்550, கமாண்டர், மேஜர் என்று பிற்காலத்தில் பெயர்கள் மாறின. எஞ்சினும் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியது. ஆனால் ஏணிபோல் அமைந்த சேசிஸ், இரு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டி ஆக்சில், பட்டை ஸ்பிரிங் என்ற அடிப்படை மாறவில்லை. சுஸுகி எஸ்ஜே410ஐ ஒட்டி 1985இல் வந்த மாருதி ஜிப்சி வேறு குலம். என்றாலும் எலும்புக்கூடு இதே வகைதான்.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டியில் போவோர் இன்றும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். கல்லும் பள்ளமுமான அந்தத் தடத்தில் ஒரு பழைய வண்டி தினமும் ஏறி இறங்குவதற்குக் காரணம் அதன் எஞ்சின் பலம் அல்ல. எஞ்சினுக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் பற்சக்கரங்களின் கணக்கே காரணம். பராமரிப்பாகட்டும் மாற்றமாகட்டும், அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கைவைப்பவர் பிழைப்பார். மற்றவர் ஒரு பழுதை எடுத்து இன்னொன்றை வைப்பார்.

எஞ்சினிலிருந்து மண் வரை

சிஜே3பியின் 2.2 லிட்டர் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். இன்றைய சிறிய கார்கள் பலவும் இந்த அளவைத் தொட்டுவிடும். ஆனால் ஜீப்பில் இந்த விசை மூன்று படிகளில் பெருகுகிறது. கியர்பாக்ஸின் முதல் கியர் அதை ஏறத்தாழ 2.8 மடங்காக்குகிறது. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், லோ நிலையில், மேலும் 2.46 மடங்காக்குகிறது. கடைசியில் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் 5.38 மடங்காக்குகிறது. மூன்றையும் பெருக்கினால் 37.

எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது வண்டியின் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. அதே சமயம் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசை, உராய்வு இழப்பை விட்டுவிட்டால், 5700 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். 6.00-16 டயரின் ஆரம் சுமார் 36 சென்டிமீட்டர். ஆகவே தரையை உந்தும் விசை 15,800 நியூட்டன். ஆளும் சுமையும் சேர்த்து ஒன்றரை டன் உள்ள ஜீப்பின் எடையோ 14,700 நியூட்டன். வண்டியின் எடையைவிட அதை உந்தும் விசை அதிகம் என்று பொருள். மண்ணிலோ ஈரக் கல்லிலோ எந்த டயரும் இவ்வளவு விசையைப் பிடித்துக்கொள்ளாது. அதற்கு முன்பே வழுக்கிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பலருக்குப் பிடிக்காது. லோ கியரில் மலை ஏற முடியாத ஜீப்புக்குக் குறைவது குதிரைத்திறன் அல்ல, பிடிமானம். பெரிய எஞ்சின் வைப்பதால் தார்ச்சாலையில் வேகம் கூடும். சேற்றில் சக்கரம் இன்னும் விரைவாகச் சுழலும், அவ்வளவுதான்.

பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் பகுதிநேர வகை. ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பற்சக்கரங்களால் பூட்டப்படுகின்றன. வளைவில் இது சங்கடம். ஜீப்பின் முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரம் 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால் முன் ஆக்சில் 6.33 மீட்டர் ஆரத்தில் திரும்பியாக வேண்டும். கால்வட்டம் திரும்பி முடிப்பதற்குள் முன்பக்கம் அரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். பூட்டிய ஆக்சில்கள் இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மண் பாதையில் டயர் சற்றே வழுக்கி விஷயத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்க மறுப்பதால், ஷாஃப்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி நிற்கும். ஃபோர் வீலை விடுவிக்கும் லிவர் அசைய மறுப்பது இந்த முறுக்கால்தான். லிவரைச் சுத்தியலால் தட்டுவது வீண். வண்டியைக் கொஞ்ச தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானே வரும்.

முன்சக்கரத்துக்குத் தேய்ந்த டயர், பின்சக்கரத்துக்குப் புது டயர் என்று போட்டாலும் இதே நிலைதான். ஆரத்தில் ஒரு சதவீத வேறுபாடு இருந்தால் நேர்ச்சாலையில்கூடக் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் முரண்பாடு சேரும். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்பது இந்த வண்டிகளில் அழகுக்காகச் சொல்லும் அறிவுரை அல்ல.

எண்ணெயும் தண்ணீரும்

பழைய ஜீப்பில் எண்ணெய் கசிவதை ஒரு குணமாகவே ஏற்றுக்கொண்ட மெக்கானிக்குகள் உண்டு. கசிவைவிட ஆபத்தானது உள்ளே போகும் தண்ணீர். மலை ஏறி இறங்கிய வண்டியில், கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியல் 80 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அந்தச் சூட்டோடு வண்டி ஓடைக்குள் இறங்குகிறது. ஹவுசிங்குக்குள் உள்ள காற்று 30 டிகிரிக்குக் குளிரும்போது அதன் அழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். இது ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆயில் சீல் என்பது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கச் செய்யப்பட்டது; வெளித்தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்க அல்ல. ஹவுசிங்கின் மேல் இருக்கும் சிறிய மூச்சுக்குழல் வழியாகக் காற்று உள்ளே வந்து இந்த அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். அது சேற்றால் அடைத்திருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ ஓடைத் தண்ணீர் சீல் வழியே உள்ளே உறிஞ்சப்படும்.

இதற்குத் தீர்வு மலிவானது. மூச்சுக்குழலில் ஒரு ரப்பர் டியூபைப் பொருத்தி எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை கொண்டுபோய்க் கட்டினால் போதும். பழைய வண்டியில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது இதுதான். உள்ளே தண்ணீர் போய்விட்டதா என்பதை அறிய, இரவு முழுதும் நின்ற வண்டியின் வடிகால் போல்ட்டைக் காலையில் தளர்த்திப் பார்க்கலாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்து கடையப்பட்டுவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதிலும் வேதியியல் இருக்கிறது. டிஃபரன்ஷியலில் உள்ளது ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரம். பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே விலகியிருப்பதால், பற்கள் உருள்வதோடு ஒன்றன்மீது ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். ஜிஎல்-5 தர எண்ணெயில் கலந்துள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சூட்டில் எஃகோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. பல்லுக்குப் பதில் அந்தப் படலம் தேயும். ஆனால் அதே கந்தகம் கியர்பாக்ஸில் உள்ள பித்தளை, வெண்கல வளையங்களைச் சூட்டில் அரிக்கக்கூடும். எனவே பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 என்று பிரித்து ஊற்றுவதே பாதுகாப்பு. ஜீப்பில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியே இருப்பதால் இரண்டுக்குமிடையே எண்ணெய் இடம்பெயர்வதுண்டு. ஒன்றில் மட்டம் குறைந்து மற்றதில் கூடியிருந்தால் வெளியே கசிவைத் தேடிப் பயனில்லை.

வெளியே கசியும் எண்ணெயும் சில இடங்களில் உயிருக்கு உலை வைக்கும். பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய டிரம்மாக இருக்கிறது. அங்கே உள்ள சீல் கசிந்தால் எண்ணெய் நேராக பிரேக் லைனிங்கில் இறங்கும். சரிவில் நிறுத்திய வண்டி உருள்வதற்கு அது போதும். இன்னொரு விளைவும் உண்டு. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டு மற்ற சக்கரத்தை உருள அனுமதித்துவிடும். எனவே ஜாக்கி போடுமுன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

முன் சக்கரத்தின் மூட்டு

முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் பந்து வடிவ உறைக்குள் ஒரு மூட்டு இருக்கிறது. சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே நேரம் எஞ்சினின் விசையை வாங்கவும் வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. உறையின் விளிம்பில் உள்ள ஃபெல்ட் வளையம் காய்ந்து கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், மணல் உள்ளே போகும். மேலும் கீழும் உள்ள கிங் பின் பேரிங்குகளின் இறுக்கத்தை மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்கிறார்கள். இறுக்கம் குறைந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு பள்ளம் பட்டதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெறிபிடித்ததுபோல் ஆடத் தொடங்கும். ஸ்டீரிங்கைப் பிடித்துநிறுத்த முடியாது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும்.

இந்த ஆட்டத்துக்கு ஸ்டீரிங் டேம்பர் வாங்கிப் பொருத்துவது பரவலான வழக்கம். நோய் அப்படியே இருக்க வலியை மட்டும் மறைக்கும் வேலை அது. டை ராட் முனைகள், பட்டையின் புஷ்கள், சாக்கிள், வீல் பேரிங், ஜீப்பின் பழைய ஸ்டீரிங்கில் நடுவே இருக்கும் பெல் கிராங்க் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றிய பிறகும் சிறிது நடுக்கம் மிஞ்சினால்தான் டேம்பருக்கு வேலை.

பட்டை, உயரம், கோணம்

மாற்றம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வண்டியை உயர்த்துவது. பெரிய டயர் போட இடம் வேண்டும், பள்ளத்தில் வயிறு இடிக்கக் கூடாது, ஆசை நியாயமானதே. அதை நிறைவேற்றும் வழிகளில்தான் தவறு நடக்கிறது.

பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு பட்டையின் அகலத்துக்கும் எண்ணிக்கைக்கும் நேர்விகிதத்தில் கூடும். ஆனால் தடிமனைப் பொறுத்தவரை அது மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் பட்டை வைத்தால் அந்தப் பட்டையின் விறைப்பு 59 சதவீதம் அதிகரிக்கும். தொய்ந்த பட்டைக் கட்டுக்குள் ஒரே ஒரு தடித்த பட்டையைச் செருகி உயர்த்துவது பட்டறைகளில் எளிதாகச் செய்துதரும் வேலை. ஒரே வளைவுக்குத் தடித்த பட்டையில்தான் அதிகத் தகைவு விழும் என்பதால், முதலில் முறிவதும் அதுவாகவே இருக்கும். மேலும் விறைத்த ஸ்பிரிங்கில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையையே தரும்; தொங்கும் சக்கரம் ஏறத்தாழ எந்த விசையையும் ஏற்காதபோது தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். ஆக, மலையேறுவதற்காக உயர்த்திய வண்டி முன்னைவிட மோசமாக ஏறும். பல மெல்லிய பட்டைகள் கொண்ட புதிய கட்டு, அல்லது பழைய பட்டைகளை முறையாகச் சூடாக்கி வளைவேற்றிப் பதப்படுத்துவது, இரண்டில் ஒன்றே சரியான வழி.

ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிளை நீட்டுவது இன்னொரு குறுக்குவழி. சாக்கிளை 5 சென்டிமீட்டர் நீட்டினால் வண்டி 2.5 சென்டிமீட்டர்தான் உயரும். ஆனால் ஸ்பிரிங் சாய்வதால் முன் ஆக்சிலும் சற்றே உருண்டு, கிங் பின்னின் பின்சாய்வு குறைகிறது. திரும்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவது அந்தச் சாய்வால்தான். அது போனால் நெடுஞ்சாலையில் வண்டி இப்படியும் அப்படியும் அலையும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துச் சாய்வை மீட்கலாம். அப்போது பினியனின் கோணம் மாறும்.

அந்தக் கோணம் ஏன் முக்கியம்? ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஒரு விசித்திரமான உறுப்பு. வளைந்த நிலையில் அதன் ஒரு பக்கத்தைச் சீராகச் சுழற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். வளைவு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், யாரும் உணரமாட்டார்கள். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தாண்டும். 30 டிகிரியில் 15 சதவீதத்தை எட்டும். இரு முனைகளின் கோணங்களும் சமமாக இருந்தால், முதல் கிராஸ் உண்டாக்கும் தடுமாற்றத்தை இரண்டாவது கிராஸ் நேர்செய்துவிடும். வண்டியை உயர்த்தும்போது ஷாஃப்ட் செங்குத்தாகச் சரிகிறது; ஒரு முனையில் ஆப்பு வைத்து மற்றதை விட்டுவிட்டால் சமநிலையும் குலைகிறது. ஜீப்பின் பின் ஷாஃப்ட் மிகக் குட்டை என்பதால் சிறிய உயரமும் பெரிய கோணமாக மாறும். உயர்த்திய சில மாதங்களில் கிராஸ் போய்விட்டது, டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல் கசிகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுவே. ஷாஃப்டைக் கழற்றிப் பொருத்துகையில் அதன் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அதிர்வு வரும்.

உயரத்தின் விலை கவிழ்வதிலும் தெரியும். ஜீப்பின் இரு சக்கரத் தடங்களுக்கு இடையே உள்ள அகலம் சுமார் 1.23 மீட்டர். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால், வண்டி 41 டிகிரி பக்கச் சாய்வுவரை நிற்கும். மையம் 10 சென்டிமீட்டர் மேலேறினால் எல்லை 37 டிகிரிக்கு இறங்கும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் உண்மையான எல்லை இதைவிடக் குறைவு. கூரைமேல் கேரியர், அதன்மேல் உபரிச் சக்கரம், தண்ணீர்க் கேன்கள் என்று அடுக்குவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாத ஜீப் மலைப்பாதை எதிலும் சிறப்பாகவே ஓடும்.

டயரும் எஞ்சினும்

28 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட மூல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால், மேலே கண்ட 37 மடங்குப் பெருக்கத்தின் பயனில் 9 சதவீதம் போய்விடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65இல் ஓடும். பிரேக்கும் அதே விகிதத்தில் பலவீனமாகும். கனமான சக்கரம் கல்லில் சிக்கி நிற்கும்போது ஆக்சில் ஷாஃப்டில் விழும் முறுக்கும் அதிகம். வயிற்றுக்கும் தரைக்கும் இடையே கிடைக்கும் லாபமோ டயரின் ஆரம் கூடிய அளவு மட்டும், அதாவது மூன்றரை சென்டிமீட்டருக்குள். பிடிமானம்தான் வேண்டும் என்றால் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது காசு செலவில்லாத வழி. டயர் தரையில் படும் பரப்பு நீண்டு, கற்களின்மேல் படிந்து பிடிக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்கப் பம்பு கையில் இருக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றம் இந்தியாவில் பழைய வழக்கம். மகிந்திராவே தன் ஜீப்புகளில் இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழிவந்த டீசலையும், பின்னர் பியூஜோ உரிமத்தில் செய்த 2112 சிசி டீசலையும் வைத்தது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனுக்கும் சந்தக்ஃபூவுக்கும் இடையே ஓடிய ஐம்பதுகளின் லேண்ட் ரோவர்களில் பலவற்றின் பானட்டுக்குள்ளும் காலப்போக்கில் மகிந்திரா டீசல் எஞ்சின் குடியேறியது. உதிரி பாகம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் எஞ்சினும் கிடைக்கும் என்பது மலையோர நியாயம்.

எஞ்சின் மாற்றம் பலன் தர வேண்டுமானால் கியர் கணக்கும் சேர்ந்து மாற வேண்டும். 5.38 கிரவுன் பினியனோடு, டாப் கியரில், எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் ஜீப்பின் வேகம் மணிக்கு 76 கிலோமீட்டர். டிராக்டர் வழிவந்த மந்தமான டீசலுக்கு அதற்குமேல் மூச்சு இல்லை. ஐந்தாவது கியர் உள்ள கியர்பாக்ஸ் வைப்பது இதற்கு ஒரு வழி. ரேடியேட்டர், கிளட்ச், எஞ்சின் மவுண்ட், முன் ஸ்பிரிங் ஆகியவையும் புதிய எடைக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் இறக்கிய வண்டிகள் மலையில் கொதித்து நிற்பதைக் காணலாம்.

கொதிப்பது மலையில் இன்னும் எளிது. சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி குக்கர் மூடியின் வேலையைச் செய்கிறது: சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி கொதிநிலையைப் பத்து டிகிரிக்கும் மேல் உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் நல்ல ரேடியேட்டரும் தோற்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது எஞ்சின் சூட்டுக்கு மருந்து என்று நம்புவோர் உண்டு. அடைத்த ரேடியேட்டர் அதனால் திறந்துகொள்வதில்லை, குளிர்ந்தே ஓடும் எஞ்சின் தேய்வதுதான் மிச்சம்.

இறங்குவதற்கான ஏற்பாடு

ஏறுவதைப் பற்றியே பேசும் உலகில் பிரேக் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டி ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஒன்றரை டன் ஜீப்புக்கு இது 2.2 கோடி ஜூல் ஆற்றல். 66 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு இழுத்துப்பிடிக்காவிட்டால் இத்தனையும் நான்கு டிரம்களில் இறங்கும். டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போகும். கடைசியில் பிரேக் ஆயில் கொதித்து, மிதித்தால் வெறும் ஆவிதான் அமுங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறியபின் 140தான். டாட் 4க்கு இவை 230, 155. ஆயில் தெளிவாகத் தெரிகிறதே என்று ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடுவது மலை வண்டிக்கு ஆகாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதும் மாற்ற வேண்டும். இதைவிடப் பெரிய குறை, ஆரம்பகால ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று வகை என்பது. நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கிலும் பிரேக் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவதும், முன்சக்கரத்தில் டிஸ்க் வைப்பதும் பழைய ஜீப்பில் செய்யத்தக்க முதல் பெரிய செலவு. டயருக்கும் விளக்குகளுக்கும் அதன் பிறகே முறை வரவேண்டும். டிஸ்க்குக்கு மாறும்போது மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதை மறந்தால் மிதி கல்போல் இறுகிவிடும், அல்லது தரைவரை போகும்.

மின் வயரிங்குக்கு அதிக விளக்கம் தேவையில்லை. டைனமோ மெதுவான ஓட்டத்தில் சரியாகச் சார்ஜ் ஏற்றாது. ஆல்டர்னேட்டருக்கு மாற்றுவது எல்லா வகையிலும் லாபம். மங்கலான விளக்கு, மந்தமான செல்ஃப் ஆகிய புகார்களில் பாதி, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள துருப்பிடித்த எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினாலே தீர்ந்துவிடும்.

துரு

இந்த வண்டிகளை உண்மையில் கொல்வது துருதான். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேரும் இடமெல்லாம் அது தொடங்கும்; கடலோர உப்பு அதை விரைவாக்கும். வெளியே தெரியும் தகட்டைவிடச் சேறு அடைந்த மூலைகளே கவலைக்குரியவை: சேசிஸின் குறுக்குச் சட்டங்கள், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகள், தரைத் தகட்டின் அடியில் உள்ள வார்ப்பட்டைகள். பெயிண்ட் அழகாக இருக்கும் சேசிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் இரும்பு, மந்தமாக ஒலித்தால் துருவும் புட்டியும். பட்டைகளுக்கு நடுவே ஏறும் துரு உண்டாக்கும் நுண்குழிகளில்தான் முறிவும் தொடங்குகிறது.

1948இல் வந்த லேண்ட் ரோவரின் உடல் பிர்மபிரைட் என்ற அலுமினியக் கலவையால் ஆனது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்ததே காரணம். அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நிம்மதி அரைகுறையானது. கீழே இருக்கும் சேசிஸ் எஃகுப் பெட்டிதான்; அது உள்ளிருந்து அரிக்கும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இடையில் ரப்பரோ காப்புப் பசையோ வைத்துப் பிரிப்பதே வழி. எஃகுச் சேசிஸை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால், கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எரிபொருள் மாற்றுக் கருவிகள் போன்றவற்றுக்கு விதிகளுக்கு உட்பட்ட விலக்கு உண்டு. எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். முன்னால் பொருத்தும் கனமான இரும்புக் காப்புச் சட்டத்தின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டி, தகுதிச் சோதனையில் தேறினால்தான் பதிவு புதுப்பிக்கப்படும். ஆகவே பழைய ஜீப் வாங்குபவர் பானட்டைத் திறந்து எஞ்சினின் ஒலியைக் கேட்குமுன், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள் வகை மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் என்று எழுதியிருக்கும் ஜீப்பில் டீசல் எஞ்சின் உறுமினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.